பெயர் காத்த சங்கம்

நம் ஊர்களில் நாலு பேர் கூடி ஒரு சங்கம் ஆரம்பித்தால் முதலில் நடக்கிற காரியம் போர்டு எழுதுவது. இரண்டாவது, ரப்பர் ஸ்டாம்பு. மூன்றாவது, கடிதத் தாள். அதன் ஓரத்தில் தலைவர், உபதலைவர், காரியதரிசி, பொருளாளர் என்று வரிசையாகப் பெயர்கள். யார் பெயர் முன்னால் வருவது என்பதில் மனஸ்தாபம் உண்டாகி, முதல் ஆண்டு விழாவுக்குள் சங்கம் இரண்டாகப் பிளந்து போவதும் உண்டு. பெயருக்காகவே சங்கம் என்பது நமக்குப் பழகிப் போன சமாசாரம்.

பெயரை மறைத்துக் காப்பாற்றுவதற்கென்றே ஒரு சங்கம் இருந்தது என்றால் ஆச்சரியமாக இருக்கும். ஆனால் இருந்தது. அமெரிக்காவில், கலிபோர்னியா மாகாணத்து ஸான் பிரான்ஸிஸ்கோ நகரத்தில், 1955ஆம் வருஷம் எட்டுப் பெண்கள் சேர்ந்து அதை ஆரம்பித்தார்கள். எட்டுப் பேர் என்றால் நான்கு ஜோடிகள். பெண்ணைப் பெண் நேசித்து, ஒரே வீட்டில் குடித்தனம் நடத்தியவர்கள். இன்று தன்பால் நேசம் என்று கௌரவமாகச் சொல்கிறோம். அன்று அந்த நாட்டில் டாக்டர்கள் அதை வியாதி என்றார்கள். பாதிரிமார்கள் பாவம் என்றார்கள். சட்டம் குற்றம் என்றது. மூன்று பேரும் ஒருவரோடொருவர் ஒத்துப் போவது உலகத்தில் அபூர்வம். இந்த ஒரு விஷயத்தில் ஒத்துப் போனார்கள்.

அந்தக் காலத்தை நாம் கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும். 1953ஆம் வருஷம் ஜனாதிபதி ஐசன்ஹோவர் ஓர் உத்தரவு போட்டார். மத்திய அரசாங்க உத்தியோகத்தில் இப்படிப்பட்டவர்கள் இருக்கக் கூடாது என்பது அதன் பலன்களில் ஒன்று. எத்தனையோ பேருக்கு வேலை போயிற்று. இத்தகைய பெண்கள் ஒருவரையொருவர் சந்திப்பதற்கு ஊரில் இருந்த இடம் சில மதுக்கடைகள்தாம். அங்கே போலீஸார் திடீரென்று நுழைவார்கள். பிடிபட்டவர்களின் பெயரும் விலாசமும் மறுநாள் பத்திரிகையில் அச்சாவதும் உண்டு. அபராதம் சொற்பம், கட்டிவிட்டு வந்துவிடலாம். அச்சில் வந்த பெயரை என்ன செய்வது? பள்ளிக்கூட வாத்தியாரம்மாவுக்கு வேலை போகும். வீட்டுக்காரர் காலி செய்யச் சொல்லுவார். பெற்றவர்கள் கதவைச் சாத்துவார்கள்.

ஆகவே ரோஸ் பாம்பர்கர் என்ற பிலிப்பினோ பெண் ஒரு யோசனை சொன்னாள். அவளுக்கு வேண்டியிருந்தது பெரிய புரட்சி ஒன்றும் இல்லை. போலீஸுக்குப் பயப்படாமல், நாலு பேர் வேடிக்கை பார்க்காமல், தனக்குப் பிரியமானவளோடு நடனம் ஆட வேண்டும். அதற்கு யாராவது வீட்டுக் கூடம் போதும். ஜன்னல் திரையை இழுத்து விட்டுக்கொண்டால் சரி. இந்த எளிய ஆசையிலிருந்துதான் எல்லாம் பிறந்தது.

அந்த எட்டுப் பேரில் இருவரை வாசகர்கள் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும். டெல் மார்ட்டின், பிலிஸ் லயன் என்று பெயர். இருவரும் பத்திரிகைத் தொழிலில் பழகியவர்கள். 1950ஆம் வருஷம் ஸியாட்டில் நகரத்தில், கட்டடத் தொழில் சம்பந்தமான ஒரு பத்திரிகை ஆபீஸில் சந்தித்தார்கள். 1953ஆம் வருஷம் பிப்ரவரி 14ஆம் தேதி ஸான் பிரான்ஸிஸ்கோவில் ஒரே வீட்டில் குடியேறினார்கள்.

சங்கத்துக்குப் பெயர் வேண்டுமே! 'பிலிட்டிஸின் புதல்விகள்' என்று வைத்தார்கள். யார் இந்தப் பிலிட்டிஸ்? பியர் லூயிஸ் என்ற பிரெஞ்சுக் கவிஞர் 1894ஆம் வருஷம் ஒரு கவிதைப் புத்தகம் வெளியிட்டார். பழைய கிரேக்க நாட்டில், ஸாப்போ என்ற பெண் கவி வாழ்ந்த காலத்திலேயே, பிலிட்டிஸ் என்று ஒருத்தி இருந்தாள். அவள் பாட்டுக்களைக் கிரேக்கத்திலிருந்து நான் மொழிபெயர்த்தேன் என்றார். அத்தனையும் புளுகு. பிலிட்டிஸ் என்று ஒருத்தி பிறக்கவே இல்லை. எல்லாம் அவரே எழுதியது. கதை எழுதுகிற எனக்கு இதில் ஒரு தனிச் சந்தோஷம். உலகத்தில் இடமில்லாத பெண்கள், உலகத்தில் இல்லாத ஒரு பெண்ணுக்குப் புதல்விகளானார்கள்!

இந்தப் பெயரில் ஒரு சௌகரியமும் இருந்தது. அமெரிக்காவில் 'இன்னாரின் புதல்விகள்' என்று பழைய குடும்பத்துப் பெண்மணிகளின் சங்கங்கள் உண்டு. கேட்பவர்கள் அதைப்போல ஒன்று என்று நினைத்துக்கொள்வார்கள். இன்னும் துருவிக் கேட்டால், நாங்கள் கவிதை படிக்கிற சங்கம் என்று சொல்லிவிடலாம்.

சங்கம் என்றால் பிளவு இல்லாமல் இருக்குமா? ஒரு கட்சியார், நாம் கூடுவதும் ஆடுவதும் போதும். வெளியே மூச்சு விடக் கூடாது என்றார்கள். மற்றொரு கட்சியார், இதே ஊரில் தனியாக, தன்னைப்போல உலகத்தில் வேறு யாரும் இல்லை என்று எண்ணிக் குமைந்து கொண்டிருக்கிற பெண்கள் எத்தனையோ பேர். அவர்கள் காதில் விழும்படி பேச வேண்டாமா என்றார்கள். டெல்லும் பிலிஸும் இரண்டாவது கட்சி. வருஷம் திரும்புவதற்குள் முதல் எட்டுப் பேரில் பெரும்பாலோர் விலகிப் போய்விட்டார்கள். நடனம் ஆட ஆசைப்பட்ட ரோஸும் போய்விட்டாள். ஆனால் புதிதாகச் சிலர் வந்து, எண்ணிக்கை 16 ஆயிற்று.

இரு கட்சியார் சொன்னதிலும் நியாயம் இருந்தது. ரகசியமாக இருந்தால் ஆபத்து இல்லை. ஆனால் உதவி வேண்டியவளுக்குச் சங்கம் இருப்பதே தெரியாது. பகிரங்கமாக இருந்தால் அவளுக்குத் தெரியும், போலீஸுக்கும் தெரியும். இந்தத் தர்மசங்கடத்துக்கு அவர்கள் கண்டுபிடித்த வழிதான் இந்தச் சரித்திரம். சங்கம் பகிரங்கமாக இருக்கும். அங்கத்தினரின் பெயர் மட்டும் ரகசியமாக இருக்கும்.

1956ஆம் வருஷம் அக்டோபர் மாதம் அவர்கள் ஒரு பத்திரிகை தொடங்கினார்கள். 'ஏணி' என்று பொருள்படும் 'லாடர்' அதன் பெயர். டைப் அடித்து, சைக்ளோஸ்டைல் செய்த தாள்கள். அட்டையில், மேகத்துக்குள் போய் மறைகிற ஓர் ஏணி. முதல் இதழ் 175 பிரதிகள். டெலிபோன் புத்தகத்தைப் புரட்டி வக்கீல், டாக்டர் என்று தொழில் செய்யும் பெண்களின் விலாசங்களைக்கூட எடுத்து அனுப்பினார்களாம். சிலர் கோபித்துக்கொண்டு எழுதினார்கள். சிலர் பணம் அனுப்பினார்கள். ஒரு வருஷத்தில் விலாசப் பட்டியலில் 400 பெயர்கள் சேர்ந்துவிட்டன.

என் இருபதாவது வயதில் ஒரு சிற்றிதழுக்கு விலாசம் எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். மாதத்தில் ஒரு மாலை நேரம் இருநூறு சொச்சம் பெயர்களைப் பழுப்புக் காகிதத்தில் எழுதி, கோந்து தடவி ஒட்ட வேண்டும். தபாலாபீஸ் மூடுவதற்குள் போய்ச் சேர வேண்டும் என்பதைத் தவிர எனக்குக் கவலை கிடையாது. அந்தப் பெயர்களில் ஒன்றாவது ஒருவருடைய வாழ்க்கையைக் கெடுக்கக்கூடும் என்று நினைக்கக் காரணமே இல்லை. 'லாடர்' பத்திரிகைக்கு விலாசம் எழுதிய பெண்கள் ஒவ்வொரு பெயரையும் எழுதும்போது என்ன நினைத்திருப்பார்கள்? நெருப்பைக் கையில் வாங்கிக் கையில் கொடுப்பது போலத்தான் இருந்திருக்கும்.

அந்தப் பயம் கற்பனை அல்ல. பத்திரிகை வெளிவருவதற்குச் சில நாட்கள் முன்னால், 1956 செப்டம்பரில், ஸான் பிரான்ஸிஸ்கோவில் பெண்கள் கூடும் ஒரு மதுக்கடையில் போலீஸார் புகுந்து 36 பேரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். ஆகவே 'லாடர்' நவம்பர் இதழில், 'உங்கள் பெயர் பத்திரமாக இருக்கிறது' என்று தைரியம் சொல்லி ஒரு கட்டுரை வந்தது. சில புத்தகங்களை வாங்கியவர்களின் பெயர்களைக் காங்கிரஸ் கமிட்டிக்குக் கொடுக்க மறுத்த ஒரு பிரசுரகர்த்தருக்கு, 1953ஆம் வருஷம் சுப்ரீம் கோர்ட் சாதகமாகத் தீர்ப்புச் சொல்லியிருந்தது. அந்த வழக்கை எடுத்துக் காட்டி, எங்கள் பட்டியலும் அப்படித்தான் என்று எழுதினார்கள். எழுதியவர் பெயர் ஆன் பெர்குஸன். பத்திரிகையின் ஆசிரியையும் அவரே.

ஆனால் ஆன் பெர்குஸன் என்று ஒருத்தி கிடையாது! அது பிலிஸ் லயனுடைய புனைபெயர்.

நம் தமிழ்நாட்டில் எழுத்தாளன் புனைபெயர் வைத்துக்கொள்ள ஆயிரம் காரணம் உண்டு. மனைவி பெயரில் எழுதுகிறவர்கள் உண்டு. மேலதிகாரிக்குப் பயந்து வைத்துக்கொள்கிறவர்கள் உண்டு. எப்படியானாலும், கதை பிரபலமானதும் அது நான்தான் என்று சொல்லிக்கொள்ளத் துடிப்போம். பிலிஸ் லயனுடைய புனைபெயரில் அந்த விளையாட்டெல்லாம் இல்லை. உன் பெயருக்கு ஆபத்தில்லை, பயப்படாதே என்று ஊருக்குச் சொல்கிறவள், தன் பெயரை ஒளித்துக்கொண்டு சொல்கிறாள். இந்த முரண்பாடு அவர் மனத்தை உறுத்தியிருக்க வேண்டும். 1957 ஜனவரி இதழில் அவர் ஒரு காரியம் செய்தார். ஆன் பெர்குஸன் இறந்துவிட்டாள் என்று எழுதினார். அவளைக் கொன்றது நான்தான், வேண்டுமென்றே கொன்றேன் என்றார். கீழே தன் சொந்தப் பெயரைப் போட்டார். நான் எத்தனையோ பாத்திரங்களைக் கதையில் சாகடித்திருக்கிறேன். ஒரு பாத்திரத்தைக் கொன்று இவ்வளவு பெரிய வேலையைச் சாதித்ததில்லை.

அந்த மாதத்திலேயே சங்கம் லாப நோக்கமில்லாத ஸ்தாபனமாகக் கலிபோர்னியா சட்டப்படி பதிவாயிற்று. மனுவில் நோக்கம் என்னவென்று எழுத வேண்டுமே! பூனை வளர்ப்போர் சங்கத்துக்குக்கூடப் பொருந்தும்படி அவ்வளவு மழுப்பலாக எழுதினோம் என்று பிற்காலத்தில் பிலிஸ் லயன் சிரித்துக்கொண்டு சொன்னார்.

கூட்டங்களுக்கு வருகிறவர்களை வரவேற்க வாசலில் ஒருத்தி நிற்பாள். தன் பெயரைச் சொல்லிவிட்டு, வருகிறவள் பெயரைக் கேட்பாள். உடனேயே, உண்மைப் பெயரைச் சொல்ல வேண்டியதில்லை என்றும் சொல்லுவாள். பெயரைக் கேட்பதும் வேண்டாம் என்பதும் ஒரே மூச்சில்! பெயர் உன்னுடையது, நீ கொடுத்தால்தான் எங்களுக்கு என்கிற இந்த உபசாரத்தை நான் மிகவும் ரசிக்கிறேன். உள்ளே போனால் காபியும் பேச்சும். வேலை, குழந்தைகள், தாயார் தகப்பனாரிடம் எப்படிச் சொல்வது என்று சாதாரண மனிதர்களின் சாதாரணக் கவலைகள். போலீஸ் பிடித்தால் என்ன செய்ய வேண்டும், எந்த வக்கீலிடம் போக வேண்டும் என்பதும் அதில் சேர்ந்த கவலை.

கடிதங்களும் வந்தன. 1957ஆம் வருஷம் மே மாதத்திலும் ஆகஸ்டு மாதத்திலும் நியூயார்க்கிலிருந்து வந்த இரண்டு கடிதங்களை 'லாடர்' பிரசுரித்தது. கையெழுத்து இருந்த இடத்தில் வெறும் முதலெழுத்துக்கள். எழுதியவர் லோரெய்ன் ஹான்ஸ்பெரி. இரண்டு வருஷம் கழித்து, 1959 மார்ச்சில், அவருடைய நாடகம் பிராட்வே அரங்கில் ஏறிற்று. நீக்ரோ என்று அன்று சொல்லப்பட்ட கறுப்பு இனத்துப் பெண் ஒருத்தியின் நாடகம் அங்கே ஏறியது அதுதான் முதல் தடவை. நாடு முழுவதும் அவர் பெயரைச் சொல்லிற்று. ஆனாலும் அந்த இரண்டு கடிதங்களில் அவர் பெயர் இல்லாமலே இருந்தது. 1965 ஜனவரியில், 34ஆவது வயதில், காலமாகிவிட்டார். அவ்வளவு கீர்த்தி பெற்றவருக்கே இந்த நிலை என்றால், ஒரு தையற்கடையிலோ தொழிற்சாலையிலோ வேலை பார்த்தவளின் நிலையைச் சொல்லவும் வேண்டுமா?

1959ஆம் வருஷம் உண்மையான சோதனை வந்தது. ஸான் பிரான்ஸிஸ்கோ மேயர் தேர்தல். ரஸ்ஸல் வோல்டன் என்ற அபேட்சகர், அப்போதைய மேயர் ஜார்ஜ் கிறிஸ்டோபர் நகரத்தை இப்படிப்பட்டவர்களின் சரணாலயமாக ஆக்கிவிட்டார் என்று பிரசாரம் செய்தார். பெண்ணைப் பெற்றவர்களே, உஷார் என்று பிலிட்டிஸின் புதல்விகளையும் பெயர் சொல்லித் தாக்கினார். விலாசப் பட்டியலுக்கு மொத்தம் இரண்டே பிரதிகள்தாம் வைத்திருந்தார்கள். கூடினால் ஆபத்து என்று. விஷயம் முற்றுவதைக் கண்டு, ஆபீஸில் இருந்த பட்டியலை எடுத்துக்கொண்டு போய் வேறிடத்தில் வைத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு போலீஸார் ஆபீஸைச் சோதனை போட்டார்கள் என்று பின்னால் தெரிய வந்தது. மேஜையும் நாற்காலியும் இருந்தன. பெயர்கள் இல்லை. தேர்தலில் வோல்டன் தோற்றார்.

மறு வருஷம், 1960 மே மாதக் கடைசியில், அந்த ஊரிலேயே ஒரு ஹோட்டலில் தேசிய மாநாடு நடத்தினார்கள். அமெரிக்காவில் அப்படிப்பட்ட பெண்களின் தேசிய மாநாடு அதுவே முதலாவது. சுமார் 200 பேர் வந்தார்கள். போலீஸாரும் வந்தார்கள், யாராவது ஆண் உடையில் இருக்கிறார்களா என்று பார்க்க. டெல் மார்ட்டின் அவர்களை மரியாதையாக உள்ளே அழைத்துப் போய்க் காட்டினார். எல்லாரும் கவுன், காலுறை, குதிகால் உயர்ந்த செருப்பு! போலீஸார் பேசாமல் திரும்பினார்கள்.

இந்தச் சம்பவத்தில் சிரிப்பு மட்டும் இல்லை. சட்டைக்கும் கால்சட்டைக்கும் ஆசைப்பட்ட பெண்களிடம், ஊரார் கண்ணுக்கு உறுத்தாமல் உடுத்திக்கொள்ளுங்கள் என்று சங்கமே சொல்லி வந்தது. அது பலருக்கு வருத்தம். பெயரை மறைத்தது போதாதென்று உடம்பையும் மறைக்க வேண்டுமா என்று கேட்டவர்கள் உண்டு. இந்தக் கேள்வி நியாயமானது. உலகத்தோடு சமாதானமாகப் போக விரும்பும் எந்தச் சங்கமும், தன் மனிதர்களில் சிலரைக் கொஞ்சம் ஒதுங்கி நிற்கச் சொல்லத்தான் சொல்கிறது. அதற்கான விலையை அந்தச் சிலர்தாம் கொடுக்கிறார்கள்.

மெல்ல மெல்லக் காலம் மாறிற்று. நியூயார்க் கிளையைத் தொடங்கிய பார்பரா கிட்டிங்ஸ் 1963ஆம் வருஷம் 'லாடர்' ஆசிரியையானார். அட்டையில் சித்திரத்துக்குப் பதிலாக உயிருள்ள பெண்களின் புகைப்படம் போட வேண்டும் என்பது அவர் பிடிவாதம். யார் முகம் காட்டுவார்கள்? சிலர் முதுகைக் காட்டினார்கள். சிலர் பக்கவாட்டில் திரும்பி நின்றார்கள். 1966 ஜனவரி இதழின் அட்டையில் லில்லி வின்சென்ஸ் என்ற பெண் நேராகப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். பெயரைக் கொடுப்பதற்கே பத்து வருஷம் தயங்கிய இடத்தில் ஒரு முகம் வந்து நின்றது.

சங்கத்தின் முடிவைச் சொல்லாமல் விட்டால் சரித்திரம் ஆகாது. ஸ்தல புராணம் ஆகிவிடும். 1970ஆம் வருஷம் பட்டியலில் 3,800 பெயர்கள் இருந்தன. சங்கத்தின் அப்போதைய தலைவி ரீட்டா லபோர்ட், டெல்லுக்கும் பிலிஸுக்கும் தெரியாமல் அந்தப் பட்டியலை ஸான் பிரான்ஸிஸ்கோவிலிருந்து நெவாடாவுக்குக் கொண்டு போய்விட்டார். போலீஸாருக்கு அகப்படாத பட்டியலைச் சொந்தத் தலைவியே எடுத்துச் சென்றார். அவர் பக்கத்து நியாயமும் உண்டு. சங்கம் சீரழிந்துகொண்டிருக்கிறது, பத்திரிகையாவது பிழைக்கட்டும் என்று எண்ணினார். பார்பரா கிரியர் ஆசிரியையாக இருந்து இரண்டு வருஷம் நன்றாகவே நடத்தினார். 1972ஆம் வருஷம் பணமில்லாமல் நின்றது. தேசிய சங்கம் 1970இலேயே கலைந்து போயிற்று. உங்கள் பெயர் பத்திரமாக இருக்கிறது என்று வாக்குக் கொடுத்தவர்களுக்கு அது எப்படி இருந்திருக்கும்! அடகு வைத்த நகை, வைத்த இடத்தில் இல்லாமல் போனது போலத்தான். நல்ல காலம், அந்தப் பெயர்கள் எதிரி கைக்குப் போகவில்லை. பின்னால் கிரியரும் நண்பர்களும் ஒரு புத்தகப் பிரசுரம் ஆரம்பித்தபோது, முதல் வாசகர்களைத் தேடியது அந்தப் பட்டியலில்தான்.

டெல்லும் பிலிஸும் சோர்ந்துவிடவில்லை. 1972இல் இருவர் பெயரும் போட்டு ஒரு புத்தகம் எழுதினார்கள். 1973இல் அமெரிக்க மனநோய் மருத்துவர் சங்கம், தன்பால் நேசம் வியாதி அல்ல என்று தன் பட்டியலிலிருந்து எடுத்தது. கலிபோர்னியாவில் அது 1976 ஜனவரியிலிருந்து குற்றமும் இல்லாமல் போயிற்று. 1979ஆம் வருஷம் ஸான் பிரான்ஸிஸ்கோவில், டாக்டரிடம் உண்மையைச் சொல்லப் பயப்படும் பெண்களுக்காக ஒரு வைத்தியசாலை தொடங்கப்பட்டது. அதற்கு வைத்த பெயர் என்ன தெரியுமா? லயன்–மார்ட்டின். ஒளிந்திருந்த இரண்டு பெயர்கள் தெருவைப் பார்த்த போர்டில் ஏறிவிட்டன.

2004ஆம் வருஷம் பிப்ரவரி 12ஆம் தேதி நகர மண்டபத்தில் இவர்களுக்குக் கலியாணம் நடந்தது. டெல்லுக்கு வயது 82, பிலிஸுக்கு 79. ஆகஸ்டு மாதம் கலிபோர்னியா சுப்ரீம் கோர்ட் அது செல்லாது என்றது. 2008ஆம் வருஷம் அதே கோர்ட் சட்டத்தை வேறுவிதமாகப் பார்த்தது. ஜூன் 16ஆம் தேதி மறுபடியும் கலியாணம். இரண்டு தடவையும் இருவரும் உடுத்தியிருந்தது கால்சட்டையும் கோட்டும்! அந்த உடைகள் இன்று அந்த நகரத்துச் சரித்திரச் சங்கத்தின் பாதுகாப்பில் இருக்கின்றன. 1960இல் போலீஸார் தேடி வந்து கிடைக்காமல் போன கால்சட்டை கடைசியில் பொருட்காட்சி சாலையில் கிடைத்தது. இரண்டாம் கலியாணம் ஆகி இரண்டரை மாதத்துக்குள், 2008 ஆகஸ்டு 27ஆம் தேதி, டெல் காலமானார். பிலிஸ் 2020 ஏப்ரலில், 95ஆவது வயதில் காலமானார்.

இந்தச் சங்கத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள், ரொம்பப் பயந்த சங்கம், அடக்கமாக இருந்தே காலம் கழித்தது என்று குறை சொல்வதுண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒருவரைப் பற்றிய ரகசியத்தை ஊரில் போட்டு உடைப்பது எளிது. போலீஸாரும் பத்திரிகைக்காரர்களும் அதைத்தான் செய்தார்கள். தைரியமாக வெளியே வா என்று மற்றவளைத் தள்ளுவதும் எளிதுதான். அவள் தானாகச் சொல்லும் வரையில் அவள் பெயரைப் பத்திரமாக வைத்துக் காத்திருப்பது கஷ்டம். அந்தக் கஷ்டமான வேலையைச் சைக்ளோஸ்டைல் மையும் தபால் தலையும் காபியும் வைத்துக்கொண்டு அவர்கள் பதினைந்து வருஷம் செய்தார்கள். தங்கள் பெயரை மட்டும் முதலிலேயே எடுத்து வெளியே வைத்தார்கள். மற்றவர்களைப் பத்திரப்படுத்துகிறவர்கள் செய்ய வேண்டிய முறை அதுதான்.

டெல்லும் பிலிஸும் 1955இலிருந்து குடியிருந்த சிறிய வீட்டை, 2021ஆம் வருஷம் ஸான் பிரான்ஸிஸ்கோ நகர சபை சரித்திரச் சின்னமாக அறிவித்தது. தெருப் பெயர், கதவு இலக்கம், குடியிருந்தவர்கள் பெயர் எல்லாம் சர்க்கார் தஸ்தாவேஜில் அச்சாகியிருக்கின்றன. யார் வேண்டுமானாலும் படிக்கலாம்.